டிக்கெட்டைப் பிரித்துப் போடுவதற்கு முன்

திருச்சியிலிருந்து மெல்பர்ன் போக வேண்டும். கோலாலம்பூர் வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து வேறொரு கம்பெனி என்று பிரித்துப் போட்டால் சில நாட்களில் கட்டணம் நன்றாகவே குறைகிறது. ஆனால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இரண்டாவது கம்பெனியின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அதே டிக்கெட்டில் திரும்பும் பயணமும் இருந்தால் அதுவும் பெரும்பாலும் ரத்தாகிவிடும்.

விலைக்கு முன்னால் விசாவைப் பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி பொதுவாகத் தானே மாறிப் போய்விடும். பிரித்துப் போட்டால் கோலாலம்பூரில் இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி கவுண்டரில் போட வேண்டும். அதாவது மலேசியாவுக்குள்ளேயே நுழைகிறீர்கள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு அங்கே விசா விலக்கு தந்திருக்கிறார்கள்; உங்கள் பயணத் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் வருகை அட்டையையும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும்.

அடுத்தது டெர்மினல். ஏர்ஏசியா இறங்குவது இரண்டாம் டெர்மினலில். மலேசியா ஏர்லைன்ஸ் கிளம்புவது முதலாம் டெர்மினலிலிருந்து. நடந்து போகும் தூரமில்லை. ரயிலில் மூன்று நிமிடம்தான், ஆனால் ரயில் வரும்வரை நிற்க வேண்டும்.

இப்போது நேரக் கணக்கு. செக்-இன் கவுண்டரை விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். ஆக, மூன்று மணி நேர இடைவெளி என்பது உண்மையில் இரண்டே மணி நேரம். இமிக்ரேஷன் வரிசையும், பெல்ட்டில் நைலான் கயிறு கட்டிய நம் அட்டைப்பெட்டி கடைசியாக வந்து சேர்வதும் அதிலேயே போய்விடும். பெட்டி இருந்தால் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்து நான் போடுவதில்லை. கைப்பையோடு மட்டும் போகிறவர்களுக்கு நான்கு போதும். மறுநாளே கல்யாணம், பரீட்சை என்றால் முந்தைய நாளே போய் கோலாலம்பூரில் தங்கிவிடுங்கள்.

எடையில் குறைந்த அனுமதிதான் கணக்கு. ஒன்றில் 30 கிலோ, மற்றதில் 20 கிலோ என்றால் உங்களுக்கு 20 கிலோதான். கூடுதல் எடையை டிக்கெட் போடும்போதே வாங்குங்கள், கவுண்டரில் விலை அதிகம்.

பெயர் இரண்டு டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதும் நமக்கு, அப்பா பெயர் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் விழுந்துவிடும்.

திருச்சி கவுண்டரில் அவர்கள் கணினிக்குத் தெரிவது கோலாலம்பூர் வரைதான். அடுத்த டிக்கெட்டையும் ஆஸ்திரேலிய விசாவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

தாமதம் என்று தெரிந்த உடனே, கவுண்டர் மூடும் முன், இரண்டாவது கம்பெனியை அழைத்துத் தேதியை மாற்றுங்கள். அபராதம் கட்டினாலும் முழு டிக்கெட்டும் போவதற்கு அது மேல்.

வயதான அம்மா அப்பா தனியாகப் போகிறார்கள் என்றால் பிரித்துப் போடவே வேண்டாம். வீல்சேர் உதவியும் அந்தந்த டிக்கெட்டோடு நின்றுவிடும்.