பதற்றம்: எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் வராததும், இன்டர்வியூ வாசலில் கை வியர்ப்பதும் இயல்பு. காரியம் முடிந்ததும் அடங்கிவிடும். சின்ன விஷயத்துக்கெல்லாம் பெரும்பாலான நாட்களில் கவலை, அதுவும் 6 மாதமாக நீடிக்கிறது என்றால் அது பதற்ற நோயாக இருக்கலாம். அவ்வளவு நாள் காத்திருக்கவும் தேவையில்லை. தூக்கமோ வேலையோ கெட்டால், பஸ் ஏறவே பயந்து வீட்டில் முடங்கினால், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, ‘செத்துவிடுவேனோ’ என்று தோன்றும் பீதித் தாக்குதல் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். அந்த நேரத்தில் உட்கார்ந்துகொண்டு, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட நிதானமாக வாயால் விடுங்கள். ஆனால், நெஞ்சு வலி வந்தால் ‘டென்ஷன்தான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்; ஈசிஜி எடுத்துப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. காபியைக் குறைத்துப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

‘மனசைத் திடப்படுத்திக்கோ’ என்று வீட்டில் சொல்வது நல்லெண்ணத்தில்தான். ஆனால், அப்படிச் சொல்வதால் நோய் தீராது. பேச்சு சிகிச்சையிலும் மருந்திலும் பலருக்குக் குணம் தெரிகிறது.

மத்திய அரசின் ‘டெலி மனாஸ்’ மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். உயிரை விடத் தோன்றினால் தள்ளிப்போடாமல் இப்போதே அழையுங்கள்.