பழத்தட்டோடு போய் வந்தால் போதுமா? முதியோர் இல்லத்தைக் கண்காணிக்க ஒரு பாடம்



இந்த மாதப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் நிறுத்திப் பேசுங்கள். கடைசியில் சில கேள்விகள் இருக்கின்றன. பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லி விடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன், அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தன்று மூன்று குழுக்களைச் சேர்ந்த சகோதரிகளோடு நாங்கள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். வாழைப்பழம், பிஸ்கட், பத்து சேலைகள் எடுத்துக் கொண்டோம். வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் துவைத்த துணி உடுத்தி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுப் பாடினோம், போட்டோ எடுத்தோம். அந்த மாத அறிக்கையில் "இல்லம் சிறப்பாக நடக்கிறது" என்று எழுதினோம்.

கிளம்பும்போது ஒரு பாட்டி, தன் பழைய பக்கத்து வீட்டுப் பெண்ணான நம்ம உறுப்பினரின் கையைப் பிடித்துக் கொண்டு, "ஒருநா சாயங்காலமா வாம்மா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்தச் சகோதரி சாயங்காலம் ஏழு மணிக்குப் போனார். ராத்திரி சாப்பாடு ஐந்தரைக்கே முடிந்து விளக்கும் அணைத்தாகிவிட்டது. பாட்டியின் கட்டில் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இல்லை. "தண்ணி குடிச்சா ராத்திரி எழுப்புவேன்னு எடுத்து வச்சிடறாங்க" என்றார் பாட்டி. புரண்டு படுக்க உதவி செய்தபோதுதான் இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் தெரிந்தது. அன்று வரிசையில் பாட்டி உட்கார்ந்திருந்த அதே இடத்தில் புண். அந்த வலியோடுதான் அவர் எங்கள் பாட்டைக் கேட்டிருக்கிறார். அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போய், புண் ஆற நான்கு மாதம் ஆனது.

நாங்கள் பொய் எழுதவில்லை. ஆனால் இல்லத்தார் காட்டியதை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

கண்காணிப்பு நமக்குப் புதிதல்ல

குழு தொடங்கி ஆறு மாதம் கழித்துத் தர மதிப்பீடு செய்ய வந்தார்களே, நினைவிருக்கிறதா? ஒரு நாள் வந்து "நல்லா பேசுறீங்கம்மா" என்று சொல்லிவிட்டா கடன் கொடுத்தார்கள்? வருகைப் பதிவைப் பார்த்தார்கள், சேமிப்பைப் பார்த்தார்கள், கடன் திரும்பி வந்ததா என்று பார்த்தார்கள். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து ஆறு மாசத் தீர்மானத்தையும் ஒரே பேனாவில் எழுதின குழுக்களும் உண்டு! அதையும் கண்டுபிடித்தார்கள்.

முதியோர் இல்லத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சுவரின் பெயிண்டைப் பார்த்தால் போதாது. மாதா மாதம் ஒரே விஷயத்தைப் பார்த்து, எழுதி, போன மாதத்தோடு ஒப்பிட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கணக்கு நோட்டு எழுதத் தெரிந்த நம்மால் முடியும்.

பார்க்க வேண்டிய ஏழு விஷயங்கள்

1. தோல். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில்தான் புண் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு நிறம் திரும்ப வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் இன்னும் கறுத்தோ, சூடாகவோ, கல் மாதிரியோ இருக்கும். அங்கே எண்ணெய் தேய்த்து நீவி விடக் கூடாது. அந்த இடத்தில் பாரம் படாமல் திருப்பிப் படுக்க வைத்து, நர்ஸிடம் காட்ட வேண்டும்.

2. எடை. மாதம் ஒருமுறை எடை பார்க்கிறார்களா? 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். நிற்க முடியாதவருக்கு மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதலாம்.

3. தண்ணீரும் சாப்பாடும். வயசானால் தாகம் சரியாகத் தெரியாது. கக்கூஸ் போக யாரையாவது கூப்பிடணுமே என்று தண்ணீரைக் குறைப்பவர்களும் உண்டு. உடம்பில் தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு வரும். திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். அதைப் பார்த்து "புத்தி பேதலிச்சிருச்சு" என்று ஒதுக்கி விடுகிறோம். கை எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். (இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவு.) ராத்திரி சாப்பாட்டுக்கும் காலை டிபனுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். மாலை ஐந்தரைக்குச் சாப்பிட்டு, காலை எட்டரைக்கு இட்லி என்றால் பதினைந்து மணி நேரம் பட்டினி! சர்க்கரை நோய்க்கு மாத்திரை, ஊசி போடுகிறவருக்கு இது ஆபத்து.

4. மருந்து. ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு, தனி டப்பா உண்டா? கொடுத்தவுடன் குறித்து வைக்கிறார்களா? டாக்டர் எழுதாமல் தூக்க மாத்திரை கொடுக்கிறார்களா? பகல் முழுக்க ஒரு அறையே தூங்கி வழிந்தால் ஏன் என்று கேளுங்கள்.

5. விழுதல். போன மாதம் எத்தனை பேர் விழுந்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு? கக்கூஸில் பிடித்துக் கொள்ளக் கம்பி உண்டா? ராத்திரி நடைபாதையில் விளக்கு எரிகிறதா? விழுந்த கணக்கே இல்லை என்று ஒரு இல்லம் சொன்னால், பெரும்பாலும் அங்கே எழுதுவதில்லை என்றுதான் பொருள்.

6. மரியாதை. குளிப்பாட்டும்போது மறைப்பு உண்டா? தன் சேலையைத் தானே உடுத்த விடுகிறார்களா, பொது நைட்டியா? பேன் வருகிறது என்று கேட்காமலே பாட்டிமார் தலைமுடியை ஒட்ட வெட்டி விடுகிறார்களா? உதவித்தொகை, பென்ஷன் வந்தால் பாஸ் புக் யார் கையில் இருக்கிறது?

7. கட்டிப் போடுதல், பூட்டி வைத்தல். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அது முதியோர் இல்லம் அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான். கையைக் கட்டிலோடு கட்டுவது, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவது ஆகிய இரண்டும் எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க முடியாதவை. ராத்திரி சாவி யாரிடம், தீப்பிடித்தால் எந்த வழி என்று கேளுங்கள்.

எப்படிப் போவது?

முதலில் கூட்டமைப்பின் கடிதத்தோடு பொறுப்பாளரைப் பார்த்து அனுமதி வாங்குங்கள். நாம் அதிகாரிகள் அல்ல, அக்கம்பக்கத்துக்காரர்கள். அனுமதி கிடைத்த பிறகு மாதம் ஒருமுறை இரண்டு பேர் மட்டும் போனால் போதும். ஒரு மாதம் காலை, ஒரு மாதம் மதியம், ஒரு மாதம் மாலை என்று நேரத்தை மாற்றிக் கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் "நல்லா பாத்துக்கிறாங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "ஆமாம்மா" என்றுதான் சொல்வார்கள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? எத்தனை தடவை எழுந்தீங்க? யார் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேளுங்கள். தோலைப் பார்க்க வேண்டுமென்றால் அவரிடம் சம்மதம் கேட்டு, அங்கே வேலை பார்க்கும் அம்மாவையும் வைத்துக் கொண்டு பாருங்கள். அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்கக் கூடாது.

ஒருவர் ரகசியமாகச் சொன்ன குறையை அவர் பெயர் சொல்லி நிர்வாகத்திடம் கேட்காதீர்கள். நாம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து விடுவோம். ராத்திரி அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

எப்படி எழுதுவது?

"பராமரிப்பு மோசம்" என்று எழுதினால் சண்டைதான் வரும். "12-ம் தேதி, மாலை 6.40, பெண்கள் அறை. 9 கட்டிலில் 4-ல் மட்டும் தண்ணீர் இருந்தது" என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. அடுத்த மாதம் 9-ல் 8 ஆனால் அதையும் எழுதுங்கள். நல்லதை எழுதாத நோட்டை நிர்வாகம் நம்பாது.

குறையை எப்படிச் சரி செய்வது?

பாட்டியின் புண்ணைப் பார்த்த கோபத்தில் நம்ம சகோதரி அங்கிருந்த ஆயாம்மாவைத் திட்டி விட்டார். அந்த அம்மா அழுது கொண்டே சொன்னது: "முப்பத்திநாலு பேருக்கு ராத்திரி நான் ஒருத்திதான்க்கா. ரெண்டு கைதான இருக்கு எனக்கு." விசாரித்தால், அவரும் பக்கத்து ஊர்க் குழு ஒன்றின் உறுப்பினர்! இருபத்திநாலு மணி நேர டியூட்டி, குறைந்த சம்பளம், ஒருநாள் பயிற்சி கூட இல்லை. படுத்தவரைத் திருப்பிப் போட்டு அவருக்கே இடுப்புப் பிடித்திருந்தது.

அதன் பிறகு பொறுப்பாளர், ஆயாம்மா, கூட்டமைப்பு நிர்வாகிகள் என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினோம். செலவில்லாததை முதலில் செய்யச் சொன்னோம். கட்டில் பக்கம் மூடி போட்ட செம்பு. சாப்பாட்டு நேரம் ஏழு மணி, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் அல்லது கஞ்சி. சுவரில் ஒரு அட்டை, அதில் யாரை எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தார்கள் என்று ஒரு கோடு. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் வந்து, முதுகு வலிக்காமல் திருப்புவது எப்படி என்று ஒரு மதியம் சொல்லிக் கொடுத்தார்.

செலவுள்ளது ராத்திரிக்கு இரண்டாவது ஆள். அந்த இல்லத்துக்குப் பிறந்தநாள், திதி என்று சாப்பாடு கொடுப்பவர்கள் நிறைய. சில நாள் மூன்று வகை இனிப்பு வரும், பாதிப்பேருக்குச் சர்க்கரை நோய்! சோப்பு, பழைய வேட்டி, டயபர், ஆயாம்மா சம்பளம் என்று கொடுக்க யாரும் வருவதில்லை. "ஒரு வேளை விருந்துக்குப் பதில் ஒரு வாரத்து ராத்திரி டியூட்டிச் சம்பளம்" என்று நன்கொடையாளர்களிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னோம். பொறுப்பாளர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். மூன்றாவது மாதம் இரண்டாவது ஆள் வந்துவிட்டார். எல்லாம் சரியாகி விட்டது என்று சொல்ல மாட்டோம். கக்கூஸ் கம்பிக்கு எட்டு மாதம் அலைந்தோம்.

பேசியும் கேட்கவில்லை என்றால்?

அடித்தல், கட்டிப் போடுதல், பட்டினி, பணத்தைப் பறித்தல் இவையெல்லாம் பேசித் தீர்க்கிற விஷயமல்ல. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் தேதி, நேரம் போட்டு எழுத்தில் புகார் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். முதியோர் உதவி எண் 14567, இலவசம். உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐ உடனே கூப்பிடுங்கள். புதிதாக யாரையாவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால், இல்லத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. 60 வயதான, தன்னைத் தானே பராமரித்துக் கொள்ள முடியாத பெரியவர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட இடம் உண்டு. பராமரிக்கும் பொறுப்புள்ளவர் பெரியவரை எங்காவது கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இல்லத்தில் சேர்த்துவிட்டு எட்டிப் பார்க்காமல் இருப்பவர்களுக்கு நாம் ஒன்று சொல்ல வேண்டும்: சொந்தக்காரர் அடிக்கடி வந்து போகிற கட்டிலைத்தான் இல்லத்தில் முதலில் கவனிக்கிறார்கள். யாருமே வராத கட்டிலுக்கு நாம் போக வேண்டும்.

அந்தப் பாட்டியின் கட்டிலில் இப்போது மூடி போட்ட செம்பு இருக்கிறது. போன முறை போனபோது நம்ம சகோதரியிடம், "இன்னிக்கு நோட்டுல என்ன எழுதின, வாசி பாப்போம்" என்று கேட்டு வாங்கி, முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "கொசுவ எழுதலியே" என்றார். எழுதிக் கொண்டோம்.

குழுவில் பேசுங்கள்

1. நம்ம ஊரிலோ பக்கத்திலோ உள்ள முதியோர் இல்லம் எது? நம்ம குழுவில் யாராவது அங்கே வேலை பார்க்கிறார்களா? அவருடைய கஷ்டம் என்ன?

2. நம் வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு மேலே சொன்ன ஏழில் எத்தனை சரியாக இருக்கிறது? (முதலில் நம் வீட்டு நோட்டை எழுதுவோம்.)

3. அடுத்த மாதம் போகும் இருவர் யார்? என்ன தேதி, என்ன நேரம்?

பெயரும் தேதியும் தீர்மானத்தில் ஏறட்டும். பார்த்து எழுதியதை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.