முந்திரி: கொட்டையா, ஒட்டுக்கன்றா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்ட பிறகு, மங்கலம்பேட்டைப் பக்கம் பலர் கைக்குக் கிடைத்த கொட்டையைத்தான் ஊன்றினோம். செலவில்லை. ஆனா முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை அதிகம்; தாய்மரம் நல்லா காய்ச்சதுன்னு பிள்ளையும் காய்க்கும்னு சொல்ல முடியாது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 மாதிரி ரகம் வேணும்னா ஒட்டுக்கன்றுதான் வழி.

அதுக்காகக் கொட்டையை ஒதுக்க வேண்டாம். வேர்ச்செடி அதுலேர்ந்துதானே வருது! தண்ணீரில் மூழ்கும் கனமான கொட்டையா எடுத்து, காம்புப் பக்கம் மேலே இருக்கிற மாதிரி பையில் ஊன்றணும். இரண்டு மாதக் கன்றைக் கவாத்து பண்ணிப் பிளந்து, பூக்காத கிளையின் நுனிக்குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் சொருகி, நெகிழித் தாளால் இறுக்கிக் கட்டி, மேலே சின்னப் பையால் மூடணும். குச்சி வெட்ட ஒரு வாரம் முன்பே இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளிவிட்டால் மொட்டு பருக்கும்.

ஒன்றரை அடிக் குழி, தொழு உரம், கரையானுக்கு வேப்பம்பிண்ணாக்கு. 7 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 80 கன்று. ஒட்டு மண்ணுக்கு மேலே நிக்கணும். கட்டிய தாளை மறக்காம அவிழ்க்கணும், இல்லேன்னா தண்டை இறுக்கிடும்.

நான் தவறியது அடுத்த வேலையில். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி துளிர்க்கும். ‘நல்லா தழையுதே’ என்று முதல் வருஷம் விட்டுட்டேன். ஆறு கன்றில் மேல் ஒட்டு காய்ஞ்சு போச்சு. காசு கொடுத்து ஒட்டு வாங்கி, நான் வளர்த்தது கொட்டைக் கன்று! இப்போ மாசம் ஒருமுறை குனிஞ்சு பார்த்துக் கிள்ளிடறேன். முதல் இரண்டு வருஷப் பூவையும் எடுத்துடணும். வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க, இருந்தாலும் கிள்ளுங்க.