சாவா மூவாப் பேராடும் நம் அறநிதியும்

ஏற்போருக்கும் தனக்கும் நலம் பயக்கும்பொருட்டுத் தன் உடைமையைத் துறத்தலே தானம் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் வரையறுக்கிறது. அதனையடுத்து, கொடுக்கும் முறை, கொடுக்கப்படும் பொருள், கொடுப்போர், ஏற்போர் ஆகிய நான்கின் தன்மைக்கேற்பத் தானத்தின் பயனும் வேறுபடும் என்கிறது. நாம் கொடுப்போரின் பெயரைக் கல்லிலே பொறிக்கிறோம். ஏற்போரின் தகுதியையும் ஆராய்கிறோம். கொடுக்கும் முறையாகிய விதியைப் பற்றிச் சிந்திப்பதுதான் குறைவு. நம் ஜினாலய அறக்கட்டளைகளும், மாணவர் உதவி நிதிகளும், மருத்துவ உதவி நிதிகளும் இன்று தள்ளாடுவதற்கு, மக்களிடம் ஈகைக் குணம் குன்றியது காரணமன்று. இவ்விதியைப் பேணாமையே பெருங்காரணம் என்பது என் துணிபு.

நம் முன்னோர் இதனை எவ்வாறு கையாண்டனர் என்று முதலில் காண்போம். போளூரை அடுத்த திருமலையில் உள்ள குந்தவை ஜினாலயத்திற்கு, முதலாம் இராசேந்திரசோழன் காலத்தில், சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவியார் ஒரு நந்தாவிளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் அளித்தார். விளக்குக்கு வேறு, அமுதுக்கு வேறு என நோக்கம் பிரித்துக் கொடுத்த அம்மையாரின் தெளிவு போற்றத்தக்கது. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலில், முதலாம் ஆதித்தசோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், துறவியரிடையே ஒரு பிணக்கு நேர்ந்தது. அப்போது கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வட்டாரத்து மக்கள் தாமே ஏற்றுக் கல்லில் எழுதிவைத்தனர். நெருக்கடியில் ஒரு நிறுவனத்தைத் தாங்கியது ஒரு செல்வர் அல்லர், ஒரு வட்டார மக்கள் என்பதை இளைஞர்கள் கருத வேண்டும்.

இவற்றினும் நுட்பமான ஏற்பாடு ஒன்று சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஒரு நந்தாவிளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பர். அவற்றை ஏற்கும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று வகுப்பில் பிள்ளைகள் வியந்து கேட்பார்கள். தனித்தனி ஆடு மூத்து மடியும். குட்டிகள் அவ்விடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாது. நெய்யோ நெய்யாகவே அளக்கப்பட்டதால், அதன் விலை ஏறினும் இறங்கினும் விளக்குக்கு இடரில்லை. பள்ளிச்சந்த நிலத்தின் நெல் வருவாய்க்கும் இதே வலிமை உண்டு.

இன்று நாம் ஆட்டுக்குப் பதில் வங்கியில் நிரந்தர வைப்பு வைக்கிறோம். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1990ஆம் ஆண்டில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு நாள் அன்னதானத்திற்காக ரூ.10,000 வைப்பாக வைத்தார் என்று கொள்வோம். அந்நாளில் 10 விழுக்காடு வட்டி எளிதில் கிடைத்தது, ஆண்டுக்கு ரூ.1,000 வரும், அன்றைய விருந்துக்கு அது போதும். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுமாயின், 72ஐ 6ஆல் வகுக்க வரும் 12 ஆண்டுகளில் செலவு இருமடங்காகும். 24 ஆண்டுகளில் நான்கு மடங்கு. 36 ஆண்டுகளில் எட்டு மடங்கு. அதாவது, அதே விருந்துக்கு இன்று ரூ.8,000 வேண்டும். வட்டி விகிதமோ 7 விழுக்காட்டளவில் நிற்க, கையில் வருவது ரூ.700. கல்வெட்டுப் பலகையில் கொடையாளரின் பெயர் மட்டும் மங்காமல் இருக்கிறது. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவிடும் அறங்காவலர், குட்டிகளையெல்லாம் விற்றுவிட்டு மூத்த ஆடுகளை மட்டும் மேய்க்கும் இடையரை ஒப்பர்.

அப்படியாயின் வட்டியில் பெரும்பகுதியை முதலோடு சேர்த்துவிடலாமே என்பீர்கள். சட்டம் அதற்கு முழு இடம் தருவதில்லை. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். நிபந்தனையின்றிச் சேர்த்துவைக்கத்தக்கது 15 விழுக்காடே. ரூ.1,00,000 வைப்புக்கு ரூ.7,000 வட்டி வந்தால், அதில் ரூ.1,050ஐ முதலோடு சேர்க்கலாம். முதலின் மதிப்புத் தேயாதிருக்க ரூ.6,000 சேரவேண்டும். எஞ்சிய ரூ.4,950 எங்கிருந்து வரும்? புதுக் கொடையிலிருந்துதான் வரவேண்டும். எனவே ஒருமுறை வைத்த நிதி என்றென்றும் தானே நடக்கும் என்ற நம்பிக்கை இக்காலத்துக்குப் பொருந்தாது. அக்கொடையை மூலநிதிக்கென்றே தருவதாகக் கொடையாளர் எழுத்தில் குறித்துக் கொடுத்தல் வேண்டும். குறிப்பின்றித் தந்தால் அது அவ்வாண்டின் பொது வருமானமாகிவிடும்.

வேறு நெருக்கடிகளும் உள்ளன. முன்னர் ஒருமுறை பெற்றால் நிலைத்த வருமானவரிப் பதிவு, 2021 ஏப்ரல் முதல் காலவரையறைக்கு உட்பட்டது. பொதுவாக 5 ஆண்டுகள். சிறிய அறக்கட்டளைகளுக்கு 10 ஆண்டுகளாக்கி 2025இல் ஓரளவு தளர்த்தினர். புதுப்பிக்கும் நாளை மறந்தால் விலக்கே போய்விடும். அந்நாளைக் கோயில் நாட்காட்டியில் நோன்பு நாட்களோடு சேர்த்து அச்சிட்டாலும் தகும்! ரூ.2,000க்கு மேற்பட்ட ரொக்கக் கொடைக்கு 2017 முதல் வரிக்கழிவு இல்லை. வழிபாட்டுக்கெனவே அமைந்த அறக்கட்டளைக்குத் தரும் கொடைக்கு அது பொதுவாக முன்பும் இல்லை. 2023-24 முதல் இயல்பாக்கப்பட்ட புதிய வரிமுறையைக் கைக்கொள்ளும் குடும்பங்களுக்கு இக்கொடைக் கழிவே கிடையாது. மார்ச்சு மாதக் கடைசியில் ரசீதுக்காக வந்த கொடைகள் இனிக் குறையும். கழிவை எண்ணாமல் கொடுப்போரையே நம்பியாக வேண்டும்.

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகள் அனுப்பும் கொடையிலும் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையை உடையவர், அங்கே ஈட்டியதைத் தம் வங்கிக் கணக்கின் வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டுக் கொடையாகக் கருதப்படாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட மகனோ மகளோ அனுப்பினால் அயல்நாட்டுக் கொடையே. அதற்குரிய அனுமதி பெறாத அறக்கட்டளை அதனை ஏற்றல் குற்றமாகும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின், அனுமதி பெற்ற ஓர் அமைப்பு வாங்கி வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் வழியில்லை. பாசத்தோடு அனுப்பிய பணம் அறங்காவலரை வழக்கில் நிறுத்திவிடக் கூடாதன்றோ?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன, விழாக்கள் நின்றன. ஆண்டு விழா ஒன்றையே வருவாய்க்கு நம்பியிருக்கும் எந்த அமைப்பும் அத்தகைய காலத்தில் வெறுங்கையோடு நிற்கும். மாதந்தோறும் ரூ.100 தரும் 200 குடும்பங்களை உடைய சங்கத்துக்கு ஆண்டில் ரூ.2,40,000 சேரும். அவர்களுள் 20 குடும்பங்கள் தவறினாலும் குறைவது பத்தில் ஒரு பங்குதான். இரண்டரை இலட்சம் தரும் ஒரே வள்ளல் தவறினால் எல்லாம் போயிற்று. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை மேற்கொண்ட இல்லறத்தார், தம் வரம்புக்கு மேற்பட்டதை எப்போதோ ஒருமுறை மொத்தமாக ஈவதை விட, இவ்வாறு சிறுகச் சிறுக விடுதல் விரதத்துக்கும் இசைவானது.

அடுத்த பொதுக்குழுவுக்குச் செல்வோர் தம் அறங்காவலரிடம் பணிவோடு நான்கு செய்திகளைக் கேட்டறியலாம். நம் பதிவு எந்நாளில் முடிகிறது? மூலநிதி எவ்வளவு, சென்ற ஆண்டு அதில் புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு? அன்னதானம், கல்வி, மருத்துவம், ஆலயத் திருப்பணி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு உள்ளதா? வருவாய் முழுதும் நின்றுபோனால் அர்ச்சகர் ஊதியத்தை எத்தனை மாதம் தர இயலும்? கடைசி வினாவுக்கு ஆறு மாதம் என்று விடை வருமாயின் மகிழலாம். ஒரு மாதம் என்றால், அன்றே ஒரு பேரேட்டைத் திறந்து மாதக் கொடையாளர் பெயர்களை எழுதத் தொடங்கலாம்.