கணக்கையும் எழுதி வை

அன்புள்ள கயலுக்கு,

எம்.டி. ஆய்வுக்குத் தலைப்பே அகப்படவில்லை, நம் ஆஸ்பத்திரியில் என்ன வசதி இருக்கிறது என்று சலித்துக்கொண்டாயாம். உன் அம்மா சொன்னாள். குழந்தை மருத்துவம் படிக்கிறவள் நீ. கல்கத்தாவின் திலீப் மஹலனாபிஸும் குழந்தை மருத்துவர்தான். 2022 அக்டோபரில் காலமானார். அவர் கதையைக் கேள்.

1971, வங்கதேசப் போர். எல்லையோரத்துப் போங்காவில் அகதிகள் குவிந்தார்கள்; காலரா பரவியது. ஆஸ்பத்திரியின் இரண்டே அறைகளில், தரையெல்லாம் நோயாளிகள். மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் சலைன் ஏற்ற முடிந்தது. அந்த சலைனும் தீர்ந்துகொண்டே வந்தது.

குடலுக்குள் குளுக்கோஸ் போனால் சோடியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். 1968-இல் டாக்காவில் நலின், கேஷ் என்ற மருத்துவர்கள் காலரா நோயாளிகளுக்கு அப்படிப்பட்ட கரைசலைக் குடிக்கக் கொடுத்து அதைச் செய்தும் காட்டியிருந்தார்கள். ஆனால் அது தேர்ந்த மருத்துவர்களின் கண்காணிப்பில் நடந்தது. மஹலனாபிஸ் அதை முகாமுக்குக் கொண்டுபோனார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் ஆப்பசோடா. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, முகாமில் டிரம்களில் கரைத்தார்கள். நிலை மிகவும் மோசமானவர்களுக்கு மட்டும் சலைன். மற்றவர்களுக்குத் தாயும் உறவினரும் கோப்பையில் பிடித்துப் புகட்டினார்கள்.

இனிமேல்தான் உனக்கான பாடம். அந்த அமளியிலும் வந்தவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர் என்று கணக்கு வைத்திருந்தார். சிகிச்சை பெற்றவர்கள் 3,700 பேருக்கு மேல், இறப்பு 3.6 சதவீதம். வேறு முகாம்களில் அது 20, 30 என்று இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் 1973-இல் அதை வெளியிட்டார். நிபுணர்கள் பலர் நம்பத் தயங்கிய காலம் அது. கணக்கு மட்டும் இல்லாவிட்டால், ஆபத்துக்குச் செய்த கைவைத்தியம் என்று ஒதுக்கியிருப்பார்கள். 1978-இல் லான்செட் இதழே இந்த முறையின் அருமையைத் தலையங்கமாக எழுதியது.

ஆகவே தலைப்பை நூலகத்தில் தேடாதே. உன் வார்டில் எதற்குத் தட்டுப்பாடு, அது இல்லாதபோது நர்ஸும் தாய்மாரும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார். அதில் ஒரு கேள்வியை எடு. நெறிமுறைக் குழுவின் அனுமதியை முறையாக வாங்கு. பிறகு, வரும் குழந்தை ஒவ்வொன்றையும் பதிவு செய். பலிக்காத கேஸை ஒருபோதும் விட்டுவிடாதே.

விருதை எண்ணி இதில் இறங்க வேண்டாம். அவருக்குப் பத்ம விபூஷண் 2023-இல், மறைந்த பிறகுதான் வந்தது.

கேள்வி அகப்பட்டதும் எனக்கு எழுது. பதிவுப் படிவத்தை இருவருமாக உட்கார்ந்து தயாரிப்போம்.

அன்புடன்,
பெரியப்பா