பிக்கப் சறுக்காமல் பனிக்காலம் கடக்க

டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டில் முதல் பேச்சு பிக்கப்பைப் பற்றித்தான். ஸ்காபரோவில் கூரை வேலை, பெயின்ற் வேலை என்று விடியமுன் புறப்படுகிறவர்கள் உள்ள வீடுகளுக்கு இந்தக் கவலை நன்றாகத் தெரியும். எஞ்சின் பாரம் முழுக்க முன்னுக்கு, தள்ளுகிற சில்லு பின்னுக்கு. பின்பெட்டி வெறுமையாக இருந்தால் ஐஸில் சில்லு சுற்றுமே தவிர வண்டி நகராது. நாங்கள் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றைச் சொல்கிறேன். பல குறிப்புகளுக்குச் செலவே இல்லை.

1. மணல் மூட்டைதான் மலிவான மருந்து. 30 கிலோ மூட்டை ஐந்து போதும், சாதாரண பிக்கப்புக்கு 150 கிலோ நல்ல அளவு. இரண்டு பின்சில்லுகளுக்கும் நடுவில், அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். இறக்கச் சுகம் என்று பின்கதவோரம் வைத்தால் முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங் சொல்வழி கேளாது.

2. மூட்டையைச் சும்மா போடவே வேண்டாம். சடாரென்று பிறேக் பிடித்தால் அது முன்னுக்குப் பாய்ந்து வரும். பல பிக்கப்புகளின் பெட்டிச் சுவரில் பலகை செருகக் குழி விட்டிருப்பார்கள். வேலையில் மிஞ்சிய இரண்டுக்கு நாலு பலகையைக் குறுக்கே செருகி, நடுவில் மூட்டைகளை இறுக அடுக்குங்கள். குழி இல்லாத பெட்டியென்றால் பலகையில் ஒரு சட்டம் அடித்துப் பட்டியால் கட்டிவிடலாம்.

3. ஏற்றமுன் சாரதிக் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். அதில் போட்டிருக்கும் பார அளவு ஆட்கள், ஆயுதப் பெட்டி, மணல் எல்லாம் சேர்த்துத்தான். ஐந்து பேர் ஏறி, ஏணியும் ஏற்றுகிற நாளில் இரண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

4. ஈரமான மணல் உறைந்தால் கல்லாகிவிடும், அவசரத்துக்கு அள்ள முடியாது. ஒவ்வொரு மூட்டையையும் தடித்த குப்பைப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். பழைய சோப்புத்தூள் வாளி ஒன்றில் காய்ந்த மணல் நிரப்பி ஆசனத்துக்குப் பின்னால் வைத்தால், சில்லுக்கு முன்னால் தூவக் கையோடு இருக்கும்.

5. பெட்டியில் விழுந்த ஸ்னோவையே பாரமாக விடலாமே என்று சிலர் நினைப்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இளகினால் பாரம் போய்விடும், ஹைவேயில் கட்டியாகப் பறந்து பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் விழும். தண்ணீர்க் கலனும் சரிவராது, வளைவில் தளும்பும், உறைந்தால் வெடிக்கும்.

6. மணலுக்கும் முன்னால் காசு போடவேண்டியது ரயரில். கோடைகாலத்து ரயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும், விறைத்த ரப்பருக்கு ஐஸில் பிடி இல்லை. பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் உள்ள அடையாளத்தைத் தேடுங்கள், வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ எழுத்து அதற்கு ஈடாகாது. நாலு சில்லுக்கும் போடுங்கள். பின்னுக்கு மட்டும் போட்டுக் காசு மிச்சம் பிடித்தால், தள்ளுகிற சில்லு தள்ளும், திரும்ப வேண்டிய முன்சில்லு நேரே வழுக்கிப் போகும்.

7. அந்தச் செலவில் கொஞ்சம் திரும்பி வர வழி உண்டு. பனிக்கால ரயர் போட்டவர்களுக்கு ஒன்ராறியோவில் 2016 ஜனவரி 1 முதல் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு தரவேண்டும், கேட்டு வாங்குங்கள். பழைய றிம் ஒரு செற் வாங்கி ரயரை நிரந்தரமாக அதில் பூட்டிவிட்டால், வருடம் இரண்டு தரம் கழற்றிப் பூட்டும் கூலியும் குறையும். மொன்றியலில் உறவினர் இருந்தால் சொல்லிவையுங்கள்: கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் போடுவது சட்டம்.

8. தவாளிப்பு 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்த ரயரை ஸ்னோவில் நம்ப வேண்டாம். அளக்கிற சின்னக் கருவி ஒரு கோப்பிக் காசுக்குக் கிடைக்கும், திறப்புக் கோர்வையிலேயே மாட்டிவிடலாம்.

9. குளிர் 5 டிகிரி கூடினால் ரயரில் காற்று சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். மாதம் ஒருதரம், வண்டி ஓடமுன், ரயர் குளிராக இருக்கும்போதே பாருங்கள். பிடிக்கும் என்று நினைத்து வேண்டுமென்றே காற்றை இறக்காதீர்கள், ஐஸ் ரோட்டில் அது உதவாது.

10. நாலு சில்லு இழுவை இருக்கிறதே என்று துணிய வேண்டாம். அது கிளம்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. கையால் மாற்றுகிற வகை என்றால் காய்ந்த ரோட்டில் போட்டு ஓடாதீர்கள், திரும்பும்போது கியர்ப் பெட்டிகள் ஒன்றோடொன்று இழுபட்டுத் தேயும், திருத்தச் செலவு பெரிது.

11. ஐஸில் புறப்படும்போது இரண்டாம் கியரில், காஸ் பெடலை முட்டையை மிதிப்பதுபோல மெதுவாக அழுத்துங்கள். குறூஸ் கொன்ரோல் வசந்தம் வரை வேண்டாம்.

12. சில்லு சுற்றுகிறதா? உடனே காலை எடுங்கள். சுற்றச் சுற்ற அடியில் உள்ள ஐஸ் இளகி, திரும்ப உறைந்து கண்ணாடியாகிவிடும். சவளால் சில்லைச் சுற்றி வெட்டிவிட்டு, கூரை வேலையில் மிஞ்சிய ஷிங்கிள் துண்டைச் சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி சில்லுக்கடியில் தள்ளுங்கள். எங்கள் பிக்கப் ஒருமுறை பாரி போகிற வழியில் புதைந்தபோது நாலு ஷிங்கிள்தான் எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆணி இல்லாத புதுத் துண்டாகப் பார்த்து வையுங்கள். பூனை மணலும் நல்லதுதான், ஆனால் கட்டியாகிற வகையை வாங்காதீர்கள், அது நனைந்தால் சேறு. சில்லுக்கு நேர் பின்னால் பிள்ளைகள் நிற்கவே கூடாது, துண்டு தெறித்துப் பறக்கும்.

13. முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க வேண்டிவந்தால், சில்லுச் சுற்றலைத் தடுக்கும் பொத்தானை அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் போடுங்கள்.

14. புதைந்து உதவிக்குக் காத்திருக்கிறீர்களா? ஹீற்றருக்காக எஞ்சினை ஓடவிடமுன் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றி ஸ்னோவை வெட்டிவிடுங்கள். குழாய் அடைத்தால் நச்சுப்புகை உள்ளே வரும், அதற்கு மணமே இல்லை. திரும்பவும் ஸ்னோ மூடுகிறதா என்று இடைக்கிடை பாருங்கள், ஒரு யன்னலையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

15. மைனஸ் 20-ஐ விட பூச்சியத்துக்குக் கிட்டிய நாள்தான் எனக்குப் பயம். அப்போது ஐஸின் மேல் மெல்லிய தண்ணீர் படியும், வழுக்கலுக்கு அதுபோல ஒன்றில்லை. கடுங்குளிரில் வேறு பிரச்சினை: மைனஸ் 12-க்குக் கீழே சாதாரண ரோட்டு உப்பு சரியாக வேலைசெய்யாது. பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் அவை முதலில் உறையும், ஏறமுன்பே வேகத்தைக் குறையுங்கள்.

16. தூரப் பயணமென்றால் புறப்படமுன் 511 ஒன்ராறியோ சேவையில் ரோட்டு நிலைமையைப் பாருங்கள். ஏரிப் பக்கமிருந்து ஸ்னோக் காற்று அடிக்கிறது என்றால், மணல் ஏற்றிய பிக்கப்பும் வீட்டில் நிற்கட்டும்.

17. ஏப்ரலில் மூட்டைகளை இறக்கிவிடுங்கள், வீண் பாரம் பெற்றோலைக் குடிக்கும். கிழியாத மூட்டையைக் கராஜில் பலகைமேல் அடுக்கினால் அடுத்த வருடமும் உதவும். கிழிந்ததில் இருக்கும் மணலை முற்றத்துக் கல் இடுக்குகளில் கூட்டி நிரப்பிவிடலாம்.