பொன்முடி இறக்கத்தில் கியரோடு இறங்குங்கள்

கழக்கூட்டத்து டெக்னோபார்க்கிலிருந்து வார இறுதியில் பைக்கை எடுப்பவர்கள் பலருக்கும் நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிதான் இலக்கு. அங்கே 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் வண்டிக்குச் சோதனை, இறக்கம் ஓட்டுபவருக்கு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது பழைய கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால் எரிபொருள் வரத்து அநேகமாக நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கவே பெட்ரோல் செலவாகும்.

கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். அப்படியானால் பிரேக் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். விடாமல் அழுத்தினால் அது சூடேறிப் பிடி தளரும். ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் ஆயில் கொதித்தால் லிவர் வெறுமனே உள்ளே போகும். (இரண்டு வருடத்துக்கொரு முறை ஆயிலை மாற்றச் சொல்வது மெக்கானிக்கின் பேராசை அல்ல.) எஞ்சின் தேயும் என்ற பயமும் வேண்டாம், ரெட்லைனைத் தொடாதவரை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மழையில் மட்டும் கவனம்: ஒவ்வொரு கியராக, வளைவுக்கு முன்பே குறையுங்கள், கிளட்சை மெதுவாக விடுங்கள். சட்டென்று விட்டால் பின்சக்கரம் வழுக்கும்.